வெளிச்சம் வாங்கிய நகரம் – 23: ஆள் இல்லாத கேமரா

சென்ற இதழில் எஸ்பிளனேடு முனையில் போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டுடியோவின் கதவு சாத்தப்பட்டதோடு நிறுத்தியிருந்தோம். 1991 பிப்ரவரித் தீ விபத்தில் அந்த ஸ்டுடியோவின் பழைய நெகட்டிவ் குவியல் சாம்பலானது. கட்டடத்துக்காக நடந்த வழக்கும் கைவிட்டது. 2016 ஜூனில் கடையை மூடினார்கள். இந்த வாரம் அங்கிருந்து வடகிழக்கே, சால்ட் லேக்கையும் தாண்டி, நியூ டவுனுக்குப் போகிறோம்.

ராஜார்ஹாட் பக்கம் வயலும் மீன்குளமுமாகக் கிடந்த நிலத்தில் எழுந்த ஊர் இது. 1999-இல் மேற்கு வங்க அரசு ஹிட்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஊரைக் கட்டும் பொறுப்பை அதனிடம் கொடுத்தது. நிலத்தைக் கொடுத்தவர்களின் மனக்குறை தனிக்கதை. அதற்கு வேறு தொடர் வேண்டும். இங்கே பேட்டைகளுக்கு ஆக்ஷன் ஏரியா 1, 2, 3 என்று பெயர். சினிமா ஸ்டுடியோவுக்கு வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

அக்ரஹாயண், மாக் மாதங்களில் இந்தப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களுக்குப் போனால் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு மூலையில் கூட்டம் நிற்கும். பின்னால் பளபளக்கும் திரை. முன்னால் வட்ட விளக்கு, அதன் நடுவே ஒரு டேப்லெட். மேசைமேல் குச்சியில் ஒட்டிய அட்டை மீசை, அட்டைக் கண்ணாடி, மாப்பிள்ளை வைத்துக்கொள்ளும் டோபோர் கிரீடத்தின் அட்டை நகல். யாரோ திரையைத் தொடுகிறார்கள். மூன்று, இரண்டு, ஒன்று. நாலு தடவை பளிச். மேசைக்கடியில் இருக்கும் பிரிண்டர் ஒரு காகிதத்தை வெளியே தள்ளுகிறது, உள்ளே இழுக்கிறது. மறுபடி தள்ளுகிறது, இழுக்கிறது. முதல் தடவை மஞ்சள் மட்டும் ஏறும். அடுத்து மெஜந்தா, அடுத்து சயான். கடைசி நடையில் நிறமில்லாத ஒரு மேல்பூச்சு. பிறகு காகிதத்தை நெடுக்காக இரண்டாக நறுக்கித் தட்டில் போடும். இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல நீளம். ஒன்று விருந்தாளிக்கு, ஒன்று மணமக்களின் ஆல்பத்துக்கு. வரிசையில் நிற்கிற ஒவ்வொருவர் கையிலும் இதைவிட நல்ல கேமரா உள்ள போன் இருக்கிறது. அப்படியும் வரிசை குறைவதில்லை.

அந்த நீளத் துண்டுக் காகிதத்தின் பூர்வீகத்தைத் தேடினால் சைபீரியாவுக்குப் போக வேண்டும்.

ஓம்ஸ்க் நகரில் 1894-இல் பிறந்தவர் அனடோல் ஜோசெஃபோ. பிறப்புப் பெயர் ஜோசெஃபோவிட்ஸ். அமெரிக்கா போன பிறகு வாலை நறுக்கிக்கொண்டார். இளவயதிலேயே பெர்லினில் போட்டோத் தொழில் கற்று, ஷாங்காயில் ஸ்டுடியோ நடத்தி, மனதில் ஒரு இயந்திரத்தின் வரைபடத்தோடு நியூயார்க்கில் போய் இறங்கினார். 1925 செப்டம்பரில் பிராட்வேயில், 51, 52-ஆம் தெருக்களுக்கு நடுவே, ஃபோட்டோமேட்டன் என்ற பெயரில் கடை திறந்தார். 25 சென்ட் போட்டால் 8 படங்கள், 8 நிமிடத்தில். வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் வெளியே நின்று, வலப்பக்கம் பாருங்கள், இடப்பக்கம் பாருங்கள், நேரே பாருங்கள் என்று சொல்வார். அவ்வளவுதான் மனிதர் வேலை. முதல் ஆறு மாதத்தில் 2,80,000 பேர் உள்ளே போய் வந்ததாகக் கணக்கு. 1927-இல் ஹென்றி மார்கெந்தாவ் தலைமையில் ஒரு முதலீட்டாளர் கூட்டம் பத்து லட்சம் டாலர் கொடுத்து உரிமையை வாங்கியது.

காசு போட்டால் படம் எடுக்கும் பெட்டி ஜோசெஃபோவுக்கு முன்பும் இருந்தது. 1889-இல் பாரிஸில் ஈஃபல் கோபுரத்தைத் திறந்து வைத்த அதே கண்காட்சியில் அப்படி ஒன்றைக் காட்டினார்கள். பக்கத்தில் ஓர் ஆள் நின்று பார்த்துக்கொள்ளாவிட்டால் அவை சண்டித்தனம் செய்யும். ஆளை முழுக்க வெளியே அனுப்பியதுதான் ஜோசெஃபோவின் சாமர்த்தியம்.

பெட்டிக்குள் நடந்ததைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், அதன் அழகு அங்கேதான் இருக்கிறது. உள்ளே ஃபிலிம் கிடையாது. ஒரு காகிதச் சுருள், அதன்மேல் வெள்ளி உப்புப் பூச்சு. லென்ஸுக்கு முன்னால் ஒரு பட்டகம், இடவல மாற்றத்தைச் சரிசெய்வதற்காக. நாணயம் விழுந்ததும் விளக்கு எரிந்து அணையும். ஒவ்வொரு தடவையும் சுருள் ஒரு கட்டம் நகரும். கடைசிக் கட்டம் முடிந்ததும் கத்தி துண்டாக்கும். ஒரு இரும்புக் கை அந்தத் துண்டைக் கவ்வி, பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் வரிசையாக முக்கி எடுக்கும். முதல் தொட்டி டெவலப்பர்; அதில் நெகட்டிவ் உருவம் தோன்றும். அடுத்தது பிளீச், தோன்றிய அந்த உருவத்தை அப்படியே கரைத்துவிடும். மிச்சமிருக்கும் வெள்ளி உப்பு இன்னொரு தொட்டியில் கறுத்துப் பாசிட்டிவாக மாறும். பிறகு கழுவல். வெளிச் சுவரில் உள்ள சிறு துவாரத்தில் ஈரம் சொட்டச் சொட்ட வந்து விழும்.

ஆகவே நெகட்டிவ் என்று ஒன்று மிஞ்சாது. கையில் இருக்கும் துண்டுதான் மூலம், அதுதான் நகல். கிழித்துப் போட்டால் தீர்ந்தது. இதைக் குறை என்று சொன்னவர்கள் உண்டு. அந்தப் பெட்டிக்குள் போனவர்களுக்கு அது பெரிய வசதியாக இருந்தது. கடையில் கழுவக் கொடுத்தால் கடைக்காரர் பார்ப்பார். இங்கே பார்ப்பவர் யாரும் இல்லை. ஊருக்குச் சொல்ல முடியாத காதல்கள் எத்தனையோ அந்தத் திரைக்குப் பின்னால் பதிவாயின. 1950களில் ஆணும் ஆணும் முத்தமிட்டுக்கொண்ட படங்கள் இன்றைக்குக் கிடைக்கின்றன என்றால் இயந்திரத்துக்கு வாய் இல்லை என்பதுதான் காரணம். 1953-இல் புதுமணத் தம்பதியான ஜான் கென்னடியும் ஜாக்குலினும் இப்படி ஒரு பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் படமெடுக்கப் பத்திரிகைக்காரர்கள் வரிசையில் நின்ற காலம் அது.

பாரிஸில் சர்ரியலிசக் கூட்டத்துக்கு இந்தப் பெட்டி பைத்தியமே பிடிக்க வைத்தது. 1929 டிசம்பரில் அவர்களுடைய பத்திரிகையின் கடைசி இதழில், மாக்ரித்தின் ஓவியம் ஒன்றைச் சுற்றிலும் 16 பேரின் ஃபோட்டோமேட்டன் படங்களை அடுக்கினார்கள். பிரெத்தோன், டாலி, எலுவார் எல்லோரும் இருக்கிறார்கள். எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். எந்த ஸ்டுடியோக்காரர் அதற்கு விட்டிருப்பார்? "சார், கண்ணு மூடிடுச்சு, இன்னொண்ணு எடுத்துடலாம்" என்றிருப்பார்.

நடுவில் ஒரு மோசடிக் கதையும் உண்டு. பிரிட்டனில் இந்த இயந்திரத் தொழிலை நடத்திய ஃபோட்டோமேட்டன் பேரன்ட் கார்ப்பரேஷன், கிளாரன்ஸ் ஹாட்ரி என்ற நிதி வித்தகரின் குழுமத்தில் ஒன்று. போலிப் பத்திரங்களை அடகு வைத்து வண்டி ஓட்டிய அந்த மனிதர் 1929 செப்டம்பரில் சிக்கினார். லண்டன் பங்குச் சந்தை ஆடிப்போனது. அடுத்த மாதம் நியூயார்க் சந்தை விழுந்தது. ஹாட்ரிக்கு 14 ஆண்டு சிறை. காலணாப் படம் எடுக்கும் பெட்டிக்கும் உலகப் பொருளாதார வீழ்ச்சிக்கும் இவ்வளவு கிட்டத்துச் சொந்தம் இருக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

இனி கல்கத்தாவுக்குத் திரும்புவோம். கேமரா இந்த நகரத்துக்குப் புதிதல்ல. பாரிஸில் தகேர் தன் புகைப்பட முறையை வெளியிட்ட சில மாதங்களிலேயே, 1840 ஜனவரியில், தாக்கர் கம்பெனி கல்கத்தாவில் தகேரியோடைப் கேமரா விற்பனைக்கு விளம்பரம் கொடுத்துவிட்டது. 1856-இல் பெங்கால் போட்டோகிராஃபிக் சொசைட்டி தொடங்கியது. அவுரித் தோட்ட முதலாளிகளைக் கண்டித்துப் பேசினார் என்பதற்காக ராஜேந்திரலால் மித்ராவை மறு ஆண்டே அதிலிருந்து விலக்கினார்கள் என்பதை இத்தொடரின் ஆரம்பத்தில் பார்த்தோம். இப்படி எல்லாவற்றிலும் முந்திக்கொண்ட நகரத்தில், ஆள் இல்லாத கேமரா மட்டும் ஏன் வேர் பிடிக்கவில்லை? லண்டன்காரரும் பாரிஸ்காரரும் தாத்தா பாட்டியின் ஃபோட்டோமேட்டன் துண்டைப் பர்ஸில் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடப்பது ஸ்டுடியோப் படம், அதன் மூலையில் ஸ்டுடியோவின் முத்திரை.

நமக்கும் காசு போடும் இயந்திரம் இருந்தது, எல்லா ரயில் நிலையத்திலும். வண்ண விளக்குகள் சுழல, சிவப்பு வெள்ளைச் சக்கரம் நிற்கும் வரை காத்திருந்து நாணயம் போட்டால் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம் அல்லது ஒரு சினிமா நட்சத்திரத்தின் முகம். நம் முகத்தைத் தரும் இயந்திரம் மட்டும் வரவில்லை.

என் கணிப்பில் இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது கூலி. நியூயார்க்கில் ஒரு போட்டோகிராஃபரின் சம்பளத்தை மிச்சப்படுத்தினால் இயந்திரத்தின் விலை வந்துவிடும். கல்கத்தாவில் கேமராமேன், டார்க் ரூம் பையன், டச்சிங் போடுபவர் மூவர் கூலியும் சேர்ந்தாலும் வராது. இரண்டாவது வெயில். டெவலப்பர் கரைசல் 20 டிகிரியில் ஒழுங்காக வேலை செய்யும். வங்காளத்துச் சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் ஜெலட்டின் பூச்சு இளகிப் பெயரும். இங்கே டார்க் ரூம்களில் ஐஸ் கட்டி வாங்கிவைத்துத் தட்டைக் குளிரவைத்து வேலை பார்த்தார்கள். ஐஸ் கட்டி போட ஓர் ஆள் தேவைப்படும் பெட்டியை ஆளில்லாத பெட்டி என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது காரணம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். நம் ஊரில் படம் எடுத்துக்கொள்வது இரண்டு பேர் சம்பந்தப்பட்ட காரியம். உட்காருகிறவர் ஒருவர், எப்படி உட்கார வேண்டும் என்று சொல்கிறவர் ஒருவர்.

1881 டிசம்பர் 10-ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். ராமகிருஷ்ண பரமஹம்சரை அடியவர் சுரேந்திரநாத் மித்ரா ராதாபஜாரில் இருந்த பெங்கால் போட்டோகிராஃபர்ஸ் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். ராதாபஜார் இன்று கைக்கடிகாரக் கடைகளின் தெரு. அங்கே படம் எப்படி எடுக்கப்படுகிறது என்று பரமஹம்சருக்கு விளக்கிச் சொன்னார்கள். வெள்ளி நைட்ரேட் பூசிய கண்ணாடியில்தான் உருவம் தங்கும், வெறும் கண்ணாடியில் தங்காது. பிறகு நிற்க வைத்து எடுத்தார்கள். தூண் போன்ற ஒரு மேடைமேல் கையை வைத்தபடி நிற்கும் அந்தப் படம் தமிழ்நாட்டு வீடுகளிலும் மாட்டியிருக்கிறது. தூண் அலங்காரத்துக்கு மட்டும் வைத்ததல்ல. பல விநாடிகள் ஆடாமல் நிற்கக் கைக்கு ஒரு பிடிப்பு வேண்டும். அன்றைக்கே ராஜேந்திர மித்ரா என்ற வேறொருவரின் வீட்டில் நடந்த கூட்டத்தில் பரமஹம்சர் இதை எடுத்துப் பேசினார். வெறும் கண்ணாடியில் உருவம் தங்காததைப் போலப் பக்திப் பூச்சு இல்லாத மனதில் கேட்ட நல்ல வார்த்தை தங்காது என்றார். ஸ்டுடியோக்காரர் சொன்ன தொழில் நுணுக்கம் சில மணி நேரத்தில் உபதேசமாகிவிட்டது. நாணயம் போடும் பெட்டி யாருக்கும் எதையும் விளக்கியிருக்காது.

கேமராவுக்குப் பின்னால் நிற்பது ஆணா பெண்ணா என்பதும் இங்கே சின்ன விஷயமாக இருக்கவில்லை. அந்தப்புரத்தை விட்டு வெளியே வராத பெண்களை யார் படமெடுப்பது? 1899-இல் சரோஜினி கோஷ் என்பவர் மகிளா ஆர்ட் ஸ்டுடியோ நடத்தியதை அமிர்த பஜார் பத்திரிகா பாராட்டி எழுதியது. அவருக்குப் பின் வந்த அன்னபூர்ணா தத்தா (1894–1976) கேமராவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், பர்தா கடைப்பிடித்த முஸ்லிம் குடும்பத்துப் பெண்களையும் எடுத்தார். வீட்டிலேயே கழுவி, பிரிண்ட் போட்டுக் கொடுத்துக் குடும்பம் நடத்தினார். ஜோசெஃபோவின் பெட்டி செய்த வேலையை, அதாவது அந்நிய ஆண் கண் படாமல் ஒரு முகத்தைக் காகிதத்தில் ஏற்றும் வேலையை, கல்கத்தாவில் புடவை கட்டிய ஒரு பெண்மணி செய்தார்.

நடைபாதையிலும் ஒரு பெட்டி இருந்தது. கோர்ட்டு வாசல், கோயில் வாசல், பொருட்காட்சித் திடல் என்று மூன்று கால் மரப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். கறுப்புத் துணி உறைக்குள் கையை விட்டு, பெட்டிக்குள்ளேயே காகித நெகட்டிவைக் கழுவி எடுத்து, அதை லென்ஸுக்கு முன்னால் ஒரு பலகையில் வைத்து மறுபடி படமெடுத்தால் பாசிட்டிவ் வரும். டார்க் ரூமையே பெட்டிக்குள் அடக்கிய விதத்தில் அது ஃபோட்டோமேட்டனின் அண்ணன் முறை. இரும்புக் கைக்குப் பதில் மனிதக் கை, அவ்வளவு வித்தியாசம். வேலைக்கு விண்ணப்பம் போட்ட எத்தனையோ பேரின் முதல் படம் அந்தப் பெட்டியில் எடுத்ததுதான்.

தமிழ்நாட்டு ஸ்டுடியோவைத் தனியாக வர்ணிக்க வேண்டியதில்லை, நாற்பது வயது தாண்டிய எல்லோரும் உள்ளே போய் வந்தவர்கள். சுவரில் ரசம் போன கண்ணாடி, நூலில் கட்டிய சீப்பு, பவுடர் டப்பா. ஆணியில் ஒரு கோட்டு. ஊரில் உள்ள எல்லா மாப்பிள்ளைகளும் போட்டது. முதுகுப்புறம் கிளிப் போட்டு இறுக்கினால் ஒல்லியானவருக்கும் பொருந்தும். பின்திரையில் ஏரி, படிக்கட்டு, தாஜ்மஹால். "தம்பி, தாடையைக் கொஞ்சம் இறக்கு. ரொம்ப இறக்கிட்டே. அம்மா, நீங்க அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது." இப்படிப் பேசிப் பேசியே முகத்தை விறைக்க வைத்துவிடுவார்கள். பள்ளி இறுதித் தேர்வுக்கு எடுத்த என் ஸ்டாம்ப் சைஸ் படத்தில் நான் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தவனைப் போல இருக்கிறேன். எடுத்தவர் அதைத்தான் நல்ல படம் என்றார்.

சாதாரண மனிதனுக்கு ஸ்டாம்ப் சைஸ் படம் தேவைப்பட்டதே அரசாங்கக் காகிதத்துக்காகத்தான். அந்தக் கதையில் கல்கத்தாவுக்கு முதலிடம் உண்டு என்பது பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கலாம். வாக்காளர் புகைப்பட அட்டை என்றதும் நமக்கு டி.என்.சேஷன் நினைவுதான் வரும். சேஷனுக்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அதை இந்த நகரத்தில் செய்து பார்த்தார்கள்.

1960 மே மாதம். அப்போது தலைமைத் தேர்தல் ஆணையர் கே.வி.கே.சுந்தரம், நம் ஊர்க்காரர். கல்கத்தா தென்மேற்கு மக்களவைத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. கள்ள ஓட்டைத் தடுக்க, தொகுதி வாக்காளர் எல்லோருக்கும் படம் ஒட்டிய அட்டை கொடுத்துப் பார்க்கலாம் என்று சோதனையாகத் தொடங்கினார்கள். வாக்காளர்கள் சுமார் 3.42 லட்சம் பேர். வீடு வீடாகப் போட்டோகிராஃபர்கள் போனார்கள். பத்து மாதம் அலைந்தும் 2.13 லட்சம் பேரைத்தான் எடுக்க முடிந்தது; அட்டை போய்ச் சேர்ந்தது 2.10 லட்சம் பேருக்கு. எட்டில் மூன்று பேர் தப்பிவிட்டார்கள். பெண்களில் பெருந்தொகையினர் படம் எடுத்துக்கொள்ளவே மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். பலர் வீடு மாறிப் போயிருந்தார்கள். பலர் போன நேரத்தில் வீட்டில் இல்லை. செலவுக் கணக்கைப் பார்த்த ஆணையம், இது நமக்குக் கட்டுப்படியாகாது என்று திட்டத்தைக் கைவிட்டது. அந்த இடைத்தேர்தலில் வென்று முதல் தடவையாக மக்களவைக்குப் போனவர் இந்திரஜித் குப்தா. 1996-இல் உள்துறை அமைச்சரானாரே, அவரேதான்.

இந்தச் சோதனையைத் தோல்வி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. படமெடுக்க ஆள் வந்து நின்றபோது, 'வேண்டாம்' என்று சொல்ல அந்தப் பெண்களால் முடிந்தது. படம் இல்லாமலும் வாக்களிக்க முடிந்தது. 1979-இல் சிக்கிமில் மறுபடி முயன்றார்கள். 1993-இல் சேஷன் நாடு முழுவதற்கும் உத்தரவு போட்டார். 1995 ஜனவரி 1-க்குள் அட்டை கொடுக்காவிட்டால் தேர்தலே கிடையாது என்று பிடிவாதம் பிடித்தார். உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அட்டை இல்லை என்பதற்காக வாக்குரிமையைப் பறிக்க முடியாது என்று நிறுத்தியது. ஆனால் படம் எடுப்பது நிற்கவில்லை. பள்ளிக்கூடத்து வராந்தாவில் நீல வேட்டியைத் திரையாகக் கட்டி, பெஞ்சில் உட்காரவைத்து, ஆளுக்கு அரை நிமிடம். அந்தப் படங்களைப் பற்றி நாம் அடித்த கேலி கொஞ்சநஞ்சமா! அதற்கடுத்து 2010-இல் ஆதார் வந்தது, மேசைமேல் வெப்கேமரா. எடுக்கிறவர் நம் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, திரையைத்தான் பார்க்கிறார். ஜோசெஃபோவின் ஆள் இல்லாத கேமரா நம் நாட்டில் வேரூன்றியது இந்த வழியாகத்தான் என்பேன். திரை மறைவு மட்டும் கிடைக்கவில்லை.

கிழக்கே ஜப்பானில் கதை வேறு திசையில் போயிற்று. 1995-இல் அட்லஸ், சேகா என்ற இரண்டு விளையாட்டு நிறுவனங்கள் சேர்ந்து பிரின்ட் கிளப் என்ற பெட்டியை இறக்கின. படம் ஸ்டிக்கராக வரும். பள்ளி மாணவிகள் மொய்த்தார்கள். ஜப்பானியர் அதைச் சுருக்கிப் புரிகுரா என்றார்கள். தோலை வெளுக்க வைப்பது, கண்ணைப் பெரிதாக்குவது, படத்தின் மேல் கிறுக்குவது எல்லாம் அந்தப் பெட்டியில் பழகியவை. போனுக்குப் பிற்பாடு வந்து சேர்ந்தன. இன்று கொரியாவில் நாலு கட்டப் படத்துக்கென்றே தெருத்தெருவாக ஆளில்லாக் கடைகள் இருக்கின்றன. நியூ டவுன் கல்யாண மண்டபத்து மூலைக்கு வந்தது இந்தக் கிளைதான். பிராட்வேயிலிருந்து நேரே வரவில்லை.

நியூ டவுனைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 2012 டிசம்பரில் இங்கே 480 ஏக்கரில் ஈக்கோ பார்க் திறந்தார்கள். அதில் ஏழு அதிசயங்களின் பகுதி ஒன்று உண்டு. எகிப்துப் பிரமிடு, சீனப் பெருஞ்சுவர், ரோமாபுரியின் கொலோசியம், பெட்ரா, ரியோவின் ஏசுநாதர், ஈஸ்டர் தீவுச் சிலைகள், கூடவே தாஜ்மஹால். எல்லாம் நகல்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருக்கும். கொலோசியத்துக்கு முன்னால் நிற்கும் பெரியவர் வேட்டியின் மடிப்பை நீவிவிட்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டி, மூச்சைப் பிடித்து நிற்கிறார். பேத்தி போனைத் தூக்கி, "தாது, ஏக்டு ஹாஷோ" என்கிறாள். தாத்தா, கொஞ்சம் சிரி. அவர் சிரிப்பதாக இல்லை. ராதாபஜாரில் துணியில் தீட்டி வைத்திருந்த பின்திரையை அரசாங்கம் இங்கே நிரந்தரமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறது, ஸ்டுடியோக்காரர் மட்டும் மாறிக்கொண்டிருக்கிறார். 2014-இல் திறந்த மதர்ஸ் மெழுகுப் பொம்மை அருங்காட்சியகமும் இதே ஊரில்தான் இருக்கிறது; அங்கே பின்திரைக்குப் பதில் பிரபலங்கள். விமர்சகர்கள் இவற்றை ரசனைக் குறைவு என்கிறார்கள். கோட்டு மாட்டிய ஆணியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படிச் சொல்ல மனம் வராது. எனக்கும் வரவில்லை.

அப்படியானால் கல்யாண மண்டபத்தில் அந்த வரிசை எதற்கு? பழைய காலத்து ஏக்கம் என்று ஒரு வார்த்தையில் முடிப்பது போதாது. அந்த வரிசையில் நிற்கும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு ஏங்குவதற்கு ஒரு ஃபோட்டோமேட்டன் காலம் இருந்ததே இல்லை. அவர்களுடைய போனில் ஆயிரக்கணக்கில் படங்கள் உண்டு. ஒன்றைக்கூடக் கையில் பிடித்ததில்லை. நாலு கட்டத்துக்குள் முடித்தாக வேண்டும், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எடுக்க முடியாது, வெளியே வந்து விழுந்ததுதான் படம் என்ற கட்டுப்பாடு அவர்களுக்கு விளையாட்டாக இருக்கிறது. மூன்றாவது கட்டத்தில் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள், நாலாவதில் ஒருவர் ஃபிரேமுக்கு வெளியே போயிருப்பார். பழைய பெட்டிகளின் துண்டுகளைச் சேகரிப்பவர்களும் இதைத்தான் சொல்வார்கள்: முதல் கட்டத்தில் ஒத்திகை பார்த்த முகம், கடைசிக் கட்டத்தில் சொந்த முகம்.

அந்த முகங்கள் யாருடையவை என்பது பத்து ஆண்டுகளில் மறந்துபோகும் என்பதுதான் சங்கடம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களையும் கண்ணாடி நெகட்டிவ்களையும் ஊர் ஊராகப் போய்த் தேடி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டலில் பதிவு செய்திருக்கிறார்கள். பல ஸ்டுடியோக்களில் கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவி விற்றிருந்தார்கள், வெள்ளிக்காகவும் கண்ணாடிக்காகவும். தப்பிப் பிழைத்த படங்களிலும் பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. நல்ல பட்டுக் கட்டி, பூ வைத்து, அழகாக உட்கார்ந்திருக்கும் பெண் யாரென்று சொல்ல யாரும் இல்லை.

ஆகையால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் இருக்கும் ஸ்டுடியோப் படங்கள், ஸ்டாம்ப் சைஸ் படங்கள், கல்யாணத்தில் கிடைத்த நாலு கட்டத் துண்டுகள் எல்லாவற்றையும் இந்த வாரம் வெளியே எடுங்கள். விவரம் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, பின்பக்கத்தில் பெயர், ஊர், வருடம், எடுத்த ஸ்டுடியோ இத்தனையும் எழுதிவையுங்கள். மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கத்தில் தடம் பதிக்கும். பின்பக்கம் வழவழப்பாக இருந்து பென்சில் பிடிக்காவிட்டால், ஒரு காகித உறையில் எழுதிப் படத்தை உள்ளே போடுங்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள்.

அடுத்த இதழில் கார்பார் ரோடு. அங்கேதான் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி போட்டோவைப் புள்ளிகளாக உடைத்துப் பத்திரிகையில் அச்சேற்றினார்.